நூறு டாலர் பர்கர்

குட்டி விமானம் ஓட்டும் அமெரிக்கர்கள் மதியச் சாப்பாட்டுக்காகவே பறக்கிறார்கள். எந்த விமானம் வசதி என்ற வாக்குவாதமும் ஓய்வதில்லை. இரண்டையும் தீர்மானிப்பது ஒரு எடைக் கணக்கு.

சனிக்கிழமை காலை. வானம் சுத்தமாக இருக்கிறது. காற்றும் அதிகமில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டும் ஒருவருக்கு அப்போது எழும் முதல் கேள்வி: "எங்கே போய்ச் சாப்பிடலாம்?" வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல ஓட்டல் இருக்கும். அது கணக்கில் வராது. 150 கிலோ மீட்டர் தள்ளி, ஓடுபாதையை ஒட்டி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறதா, அங்கே பர்கர் எப்படி, பன்னிரண்டு மணிக்கு விமானம் நிறுத்த இடம் கிடைக்குமா என்பதுதான் கவலை.

இந்தச் சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நூறு டாலர் பர்கர்'. பர்கரின் விலை சில டாலர்தான். பாக்கி எல்லாம் பெட்ரோலும் விமான வாடகையும். பெயர் பழசாகிவிட்டது. இன்று நூறு டாலருக்கு நான்கு இருக்கை விமானம் ஒரு மணி நேரம் வாடகைக்குக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. இதே பெயரில், பறந்து போய்ச் சாப்பிடக் கூடிய இடங்களைத் தொகுத்து ஒரு கையேடு 1990களின் இறுதியில் வந்தது.

இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். லாஸ் ஏஞ்சலீசுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரம் ஹாரிஸ் ரான்ச் என்ற மாட்டுப் பண்ணை உணவகம். மாட்டிறைச்சி ஸ்டேக்குக்குப் பெயர் போனது. அதன் வாசலிலேயே ஒரு ஓடுபாதை. அகலம் வெறும் 30 அடி. செஸ்னா 172 விமானத்தின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 36 அடி. அதாவது நடுக்கோட்டில் கச்சிதமாக இறங்கினாலும் இறக்கை நுனிகள் ஓடுபாதைக்கு வெளியேதான் இருக்கும். பசியோடு வருபவர்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

கலிபோர்னியா கரையிலிருந்து சுமார் 35 கிலோ மீட்டர் தள்ளி, கடலுக்கு நடுவே கேட்டலினா தீவு. அங்கே குன்றுகளின் உச்சியை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, 1,600 அடி உயரத்தில் விமான நிலையம் கட்டியிருக்கிறார்கள். செல்லப் பெயர் 'ஆகாயத்தில் ஒரு விமான நிலையம்'. ஓடுபாதை முதலில் மேடாக ஏறி, பிறகு சமமாகிறது. இறங்கும் விமானிக்கு மறுமுனை தெரியாது. பாதை அங்கேயே முடிந்து மலைச்சரிவு வந்துவிட்டதோ என்று முதல் தடவை வருபவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள். இங்கே புகழ் பெற்றது பைசன் எனப்படும் காட்டெருமை பர்கர். 1924ல் ஒரு ஊமைப் படத்தின் படப்பிடிப்புக்காகக் கொண்டு வரப்பட்ட காட்டெருமைகள் தீவிலேயே தங்கிப் பெருகிவிட்டன. அதனால்தான் தீவில் பைசனுக்கு இத்தனை பெயர். ஒற்றை இன்ஜின் விமானத்தில் கடலைக் கடக்க வேண்டும் என்பதால், கவனமான விமானி உயிர் காக்கும் ஜாக்கெட்டுகளையும் எடுத்துக் கொள்கிறார். இன்ஜின் நின்றால் கரைக்கு மிதந்து வந்து சேரும் உயரத்துக்கு முதலில் ஏறிவிட்டுத்தான் கடல் பக்கம் மூக்கைத் திருப்புகிறார்.

பிரிட்டனில் இதே வியாதி வேறு வடிவத்தில். தெற்கு இங்கிலாந்து விமானிகளுக்கு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்சின் லு டுகே நகரத்தில் இறங்கி மதியம் சாப்பிடுவது ஒரு சடங்கு.

இது வெறும் பணக்காரத் திமிரா? ஓரளவு அப்படித்தான். ஆனால் வேறு ஒரு காரணமும் உண்டு. அமெரிக்க விதிப்படி, கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது விமானத்தைக் கிளப்பி இறக்கியிருந்தால்தான் ஒரு விமானி பயணிகளை ஏற்றிச் செல்லலாம். கை பழக்கம் விட்டுப் போகக் கூடாது. காரணமே இல்லாமல் வானத்தில் வட்டமடிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? பர்கர் ஒரு சாக்கு. கூட வரும் நண்பர்கள் பெட்ரோல் செலவிலும் வாடகையிலும் பங்கு தரலாம். ஆனால் விமானி தன் பங்கைக் கட்டியே ஆக வேண்டும். லாபம் பார்க்கக் கூடாது. இதற்கும் விதி இருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. "உன் விமானத்தில் எப்படித்தான் மூன்று மணி நேரம் உட்காருகிறாயோ!"

குட்டி விமானத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளே எவ்வளவு இடுக்கு என்பது தெரியாது. 1956லிருந்து விற்பனையில் இருக்கும் செஸ்னா 172, உலகிலேயே மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம். 44,000க்கும் மேல். நான்கு இருக்கைகள். உள் அகலம் சுமார் ஒரு மீட்டர். முன்னால் உட்காரும் இரண்டு பேரின் தோளும் உரசிக் கொண்டே இருக்கும். நமது பழைய மாருதி 800 இதைவிடத் தாராளம். அதன் தம்பியான இரண்டு இருக்கை செஸ்னா 152ல், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால், ஒருவர் கையை இன்னொருவர் பின்னால் போட்டுக் கொள்ள வேண்டிய நிலை. இந்த 152லும் 172லும்தான் இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் படித்த பல ஏர்லைன்ஸ் கேப்டன்கள் முதன் முதலாக வியர்த்தார்கள்.

வாக்குவாதத்தில் இரண்டு பெரிய கட்சிகள். இறக்கை மேலே இருக்க வேண்டும் என்பது செஸ்னா கட்சி. கீழே இருக்க வேண்டும் என்பது பைப்பர் கட்சி. இறக்கை மேலே இருந்தால் அதுவே குடை. வெயிலுக்கு நிழல், மழைக்குக் கூரை. கீழே தரை முழுசாகத் தெரியும். சாப்பாட்டுக் கடை மூடியிருந்தால் இறக்கைக்கு அடியில் போர்வை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். கீழ் இறக்கைக்காரர்கள் இதற்கெல்லாம் மசிவதில்லை. திரும்பும்போது செஸ்னாவின் இறக்கை தாழ்ந்து, திரும்பும் திசையையே மறைத்துவிடுகிறது. எங்கள் விமானத்தில் அப்படி இல்லை என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் பைப்பர் செரோக்கி வகை விமானங்களில் முன்னால் இருப்பது ஒரே கதவு. அதுவும் வலது பக்கம், இறக்கைக்கு மேல். விமானி முதலில் ஏறி உள்ளே நகர வேண்டும். இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் நகர்ந்தால்தான் அவருக்கு விடுதலை. புடவை கட்டிய மாமியாரை இறக்கை மேல் ஏற்றி அந்தக் கதவுக்குள் நுழைத்துப் பார்த்தவர் செஸ்னா கட்சிக்கு மாறிவிடுவார் என்றே தோன்றுகிறது.

வசதியில் இன்றைய ராஜா சிர்ரஸ் எஸ்ஆர்22. உள் அகலம் 124 சென்டி மீட்டர். இரு பக்கமும் கார் போலக் கதவு, தோல் இருக்கை. போதாததற்கு, விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட். ஆஸ்திரியாவின் டைமண்ட் டிஏ40ல் கண்ணாடிக் கூண்டு. காட்சி அபாரம். வெயில் காலத்தில் தரையில் நிற்கும்போது உள்ளே இருப்பவர் இட்லியாகிவிடுவார். உத்தரப் பிரதேசத்தில் புர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி தேசிய உரான் அகாதமி மாணவர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள் பயிற்சி பெறுவது இந்த விமானத்தில்தான். பீச்கிராப்ட் பொனான்சா ஒரு காலத்து கனவு விமானம். ஆனால் வி வடிவ வால் கொண்ட பழைய பொனான்சாக்கள் குலுங்கும் காற்றில் பின்பக்கத்தை லேசாக ஆட்டிக் கொண்டே போகும். ஓட்டுபவருக்குத் தெரியாது. பின் இருக்கையில் இருப்பவரின் வயிற்றுக்குத் தெரியும்.

குலுக்கலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இறக்கையின் ஒவ்வொரு சதுர அடியும் எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பதே அது. 1930களில் பிறந்த பைப்பர் கப் விமானத்தில் சுமார் 3 கிலோ. செஸ்னா 172ல் கிட்டத்தட்ட 7. சிர்ரஸில் 11. சுமை குறைவாக இருந்தால் காற்று இஷ்டத்துக்குத் தூக்கிப் போடும். கப்பில் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு, முழங்கையை வெளியே நீட்டி, தாழப் பறக்கலாம். அதைவிடச் சுகம் உலகில் இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு அது உண்மை. மதியம் இரண்டு மணிக்கு அதே விமானம் முறத்தில் போட்ட உளுந்து. எதிர்க்காற்று அடித்தால் கீழே நெடுஞ்சாலையில் கார்கள் முந்திக் கொண்டு போவதும் தெரியும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்ஜின் இரண்டடி முன்னால் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேச ஹெட்செட் வேண்டும். பழைய ஹெட்செட்டுகள் தலையைக் கிடுக்கிப் பிடி போட்டுச் சத்தத்தைத் தடுத்தன. சத்தத்துக்கு எதிர்ச் சத்தம் உண்டாக்கி இரண்டையும் அமுக்கிவிடும் ஹெட்செட்டை 1989ல் விமானிகளுக்காக விற்பனைக்குக் கொண்டு வந்தது போஸ் நிறுவனம். அதை நிறுவிய அமர் போஸ், கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷாரிடம் தப்பி அமெரிக்கா போன ஒரு வங்கப் புரட்சிக்காரரின் மகன். 1978ல் ஒரு விமானப் பயணத்தின்போது, கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காத எரிச்சலில் அவர் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்ததன் விளைவு அது. குட்டி விமானப் பயணிகளின் வசதிக்கு, எந்த விமானத் தயாரிப்பாளரையும் விட அதிகம் செய்தவர் அவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

குளிர் காலத்துக்கு ஹீட்டர் உண்டு. பெரும்பாலான சிறு விமானங்களில் புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றுதான் ஹீட்டர். குழாயில் விரிசல் விட்டால் வசதியோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம். அதைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி, மெத்தென்ற இருக்கை உறையை விட மலிவு. எது முதலில் விற்கிறது என்று கேட்காதீர்கள்.

இருக்கையும் சாதாரண விஷயமல்ல. பல செஸ்னாக்களில் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். பூட்டு சரியாக விழாவிட்டால், விமானம் மூக்கைத் தூக்கி எழும்பும் நேரத்தில் இருக்கை விமானியோடு பின்னால் வழுக்கும். அவர் பதறிப் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டு வளையமும் கூடவே வரும். விமானம் இன்னும் மூக்கைத் தூக்கும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. இந்தத் தண்டவாளங்களைத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை 1987ல் உத்தரவே போட்டது.

கழிப்பறை? கிடையாது. விமானத்தின் டாங்க் ஐந்து மணி நேரம் தாங்கும், ஓட்டுபவரின் டாங்க் மூன்று மணி நேரம்தான் என்பது விமானிகளின் பழைய ஜோக். சாப்பாட்டுத் திட்டமும் இதை ஒட்டித்தான். 8,000 அடி உயரத்தில் வயிற்றில் உள்ள வாயு தரையில் இருந்ததை விட மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். பீன்சும் சோடாவும் அன்றைக்கு வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

இனி அந்தக் கணக்கு. 180 குதிரை சக்தி கொண்ட செஸ்னா 172 கிளம்பும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. வெற்று விமானம் சுமார் 770 கிலோ. மீதி 390 கிலோவுக்குள் ஆட்கள், பை, பெட்ரோல் எல்லாம். டாங்க் நிறைய ஏறக்குறைய 200 லிட்டர் ஊற்றினால் 144 கிலோ போய்விடும். மிச்சம் 245 கிலோ சொச்சம். ஆளுக்கு 80 கிலோ என்று வைத்தால் மூன்று பேர். ஆனால் இருக்கைகளோ நான்கு! நான்காவது ஆள் ஏற வேண்டுமானால் கிட்டத்தட்ட 110 லிட்டர் பெட்ரோல் இறங்க வேண்டும். அதாவது மூன்று மணி நேரப் பறத்தல். நான்கு இருக்கை விமானம் வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த அதிர்ச்சி உண்டு. தோல் இருக்கை, ஏர்கண்டிஷனர், கூடுதல் கருவி என்று வசதி ஏறும்போதெல்லாம் வெற்று எடை ஏறுகிறது. அந்த அளவுக்கு ஏற்றக் கூடிய எடை குறைகிறது. முழங்கால் இடிக்காமல் உட்கார வேண்டுமானால் ஒரு நண்பரை விட்டுவிட்டு வருவதுதான் மலிவான வழி. ஆனால் "நீ குண்டு, வராதே" என்று யார் சொல்வது? அனுபவசாலிகள் வெள்ளிக்கிழமையே எல்லோரிடமும் எடையைக் கேட்டுவிடுகிறார்கள். சொன்ன எண்ணோடு ஐந்து கிலோ கூட்டிக் கொள்கிறார்கள்.

கணக்கு காலையில் சரியாக வருவது பெரிதில்லை. காலையில் காற்று குளிர்ந்து, அடர்த்தியாக இருக்கும். விமானம் துள்ளிக் கிளம்பும். ஆபத்து சாப்பிட்ட பிறகு. கலிபோர்னியாவின் பிக் பேர் மலை நகரத்தில் ஓடுபாதை 6,750 அடி உயரத்தில் இருக்கிறது. மதியம் 30 டிகிரி வெயில் அடித்தால் அங்கே காற்றின் அடர்த்தி 10,000 அடியில் இருப்பது போல் ஆகிவிடும். டர்போ இல்லாத இன்ஜின் தன் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். அதே நான்கு பேர், கூடவே ஆளுக்கொரு பர்கர், "இங்கே பெட்ரோல் விலை குறைவு" என்று நிரப்பிய டாங்க். காலையில் 300 மீட்டரில் எழும்பிய விமானம் இப்போது ஓடிக் கொண்டே இருக்கும். ஓடுபாதை முடியும் இடத்தில் மரங்கள் இருக்கின்றன.

இன்னொரு எதிரி கடிகாரம். கதை பேசி, இன்னொரு காபி குடித்து, யாரோ ஒருவருக்காகக் காத்திருந்து, இருட்டும் நேரத்தில் கிளம்புவது. திங்கட்கிழமை ஆபீஸ். இன்றைக்கே போயாக வேண்டும் என்ற அவசரம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் கென்னடி 1999 ஜூலை 16 அன்று போனது சாப்பாட்டுக்கல்ல, உறவுக்காரத் திருமணத்துக்கு. வெளிச்சத்திலேயே போய்ச் சேருவதாக இருந்தது. நியூஜெர்சியிலிருந்து கிளம்பியது இரவு 8.38க்கு. விமானம் ஆறு இருக்கைகளும் சகல வசதிகளும் கொண்ட பைப்பர் சரட்டோகா. கடலுக்கு மேல் மூட்டம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவருக்கு இல்லை. மேல் எது, கீழ் எது என்ற உணர்வு தப்பியது. அவரோடு மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தார்கள். சொகுசான இருக்கையில் உட்கார்ந்திருந்தால் இருட்டு குறைவாகத் தெரிவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் வார இறுதிச் சாப்பாட்டை வலியுறுத்தும் விமானிகளுக்கு இன்னொரு பயம் இருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக் கூடிய விமானத் தளங்கள் சுமார் 5,000. அவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை பத்தில் ஒன்றுதான். மற்ற இடங்களில் விமானிகளே ரேடியோவில் "நான் இங்கே இருக்கிறேன், இறங்கப் போகிறேன்" என்று சொல்லி வரிசை கட்டிக் கொள்கிறார்கள். இந்தச் சின்னத் தளங்களின் நிலம் இப்போது தங்கம். ஊர்க்காரர்களுக்கு அவை வெறும் இரைச்சல். சிகாகோவில் ஏரிக்கரையோரம் இருந்த மெய்க்ஸ் பீல்டை 2003 மார்ச் 30 நள்ளிரவில், மேயர் ரிச்சர்ட் டேலி உத்தரவுப்படி புல்டோசர்கள் பெருக்கல் குறி போட்டுக் கொத்தின. நின்று கொண்டிருந்த விமானங்கள் பிறகு பக்கத்து டாக்சி பாதையிலிருந்து எழும்பித் தப்பின. சான்டா மோனிகா விமான நிலையத்தை 2028 இறுதிக்குப் பிறகு மூட அந்த நகராட்சிக்கு உரிமை கிடைத்திருக்கிறது. ஓடுபாதையோரக் கடையில் ஊர்க்காரர்களும் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்து விமானம் பார்த்தால், மூடச் சொல்லும் குரல் கொஞ்சம் இறங்கும். சோதனை விமானச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் ஞாயிறு காலை பான்கேக் சுட்டுப் போடுவதும் இதற்காகத்தான். 1992லிருந்து இந்தச் சங்கத்தார் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர், சிறுமிகளை இலவசமாக வானத்தில் ஒரு சுற்று அழைத்துப் போயிருக்கிறார்கள்.

இந்தியாவில் இது சாத்தியமா? ஆரம்பம் என்னவோ பிரமாதம். 1929ல் முதல் எண் லைசென்ஸ் வாங்கிய ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு பறந்த புஸ் மாத் ஒரு குட்டி விமானம்தான். வழியில் ஆமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. 50 ஆண்டு கழித்து, 78 வயதில், அதே வழியில் மறுபடி தனியாகப் பறந்து காட்டினார். 1958ல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த இரண்டு இருக்கை புஷ்பக், 150க்கு மேல் செய்யப்பட்டு, நாடு முழுதும் பிளையிங் கிளப்புகளில் ஓடியது. அந்தத் தலைமுறைக்கு அதுதான் செஸ்னா.

பிறகு கணக்கு மாறியது. இங்கே ஒவ்வொரு பயணத்துக்கும் திட்டம் தாக்கல் செய்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் விமானத் தகவல் மைய எண்ணும் வாங்கிய பிறகே கிளம்ப முடியும். எதிரி விமானம் எது, வீட்டு விமானம் எது என்று ராணுவம் தெரிந்து கொள்ள வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "வானம் நன்றாக இருக்கிறது, கிளம்பலாமா" என்ற சனிக்கிழமைக் காலைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. 2014ல் 74 ஆக இருந்த இயங்கும் விமான நிலையங்கள் இன்று 150ஐத் தாண்டிவிட்டன. அவை பெரும்பாலும் ஏர்லைன்ஸ் பயணிகளுக்காகக் கட்டப்பட்டவை. குட்டி விமானத்துக்கான பெட்ரோல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. 2022ல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரான பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதைப் பெரும்பாலும் குடிப்பவை பயிற்சிப் பள்ளி விமானங்கள். பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சாவின் புதிய வடிவம் 2021ல் பறந்தது. அதுவும் பயிற்சிக்குத்தான்.

பெங்களூர் ஜக்கூரிலிருந்து ஒரு விமானி முறுகல் தோசைக்காக மைசூருக்குப் பறப்பதாக வைத்துக் கொள்வோம். ஜக்கூர் 3,000 அடி உயரம் என்பதால் வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும். அனுமதி எண்கள் வாங்கி, அரை மணி சொச்சம் பறந்து, பாதுகாப்பு வேலிக்கு உள்ளே விமானத்தை நிறுத்தி, வெளியே வந்து, நகரத்துக்கு டாக்சி பிடிக்க வேண்டும். தோசை சாப்பிட்டுத் திரும்பி, பாதுகாப்புச் சோதனை முடித்து, மறுபடி எண்கள் வாங்க வேண்டும். காலையில் ரயிலில் கிளம்பியவர் அதற்குள் இரண்டாவது காபி ஆர்டர் செய்திருப்பார்.